வாய்க்கால் கடைசிக் காணிக்கு எந்தக் கோட்பாடு?

ஆய்வு முன்மொழிவு கொடுக்கும் காலம் நெருங்கினால், சமூகவியல் படிக்கும் வட இலங்கை வன்னிப் பிள்ளைகளிடமிருந்து வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தொழிற்பாட்டுவாதத்தை எடுக்கவா, முரண்பாட்டுக் கோட்பாட்டை எடுக்கவா?" தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, நுண்கடன், மீள்குடியேற்றம், பாடசாலை இடைவிலகல், கோயில் திருவிழா என்று சுற்றிச் சுற்றி இவற்றுக்குள்தான் வரும். ஊரும் முடிவாகியிருக்கும், சொந்த ஊர், இல்லையென்றால் அம்மாவின் ஊர். கோட்பாடு மட்டும்தான் மிச்சம். முன்மொழிவில் 'கோட்பாட்டுப் பின்னணி' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதை நிரப்பாமல் மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்கமாட்டார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர் இதோடு போகலாம். தண்ணீர், காணி, கடன் ஆகிய மூன்றில் எதைத் தொட்டாலும் முரண்பாட்டுக் கோட்பாட்டை எடுங்கள். மரண உதவிச் சங்கம், கோயில் பொங்கல், இடம்பெயர்ந்து திரும்பிய சனம் மறுபடி ஊராகிய கதை என்றால் தொழிற்பாட்டுவாதம் நன்றாகவே தாங்கும். பாடசாலை பற்றி எழுதுகிறவர் பாடுதான் கொஞ்சம் சிக்கல்.

இரண்டும் கேட்பது என்ன

ஒரு சமூக ஏற்பாட்டைக் கண்டால் தொழிற்பாட்டுவாதம், "இது எப்படி நின்றுபிடிக்கிறது, முழுச் சமூகத்துக்கும் என்ன வேலையைச் செய்து கொடுக்கிறது" என்று கேட்கும். எமில் டேர்கைம் 1893இல் வேலைப்பிரிவைப் பற்றி எழுதியபோது, எளிய சமூகங்களில் ஆட்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் சேர்ந்திருக்கிறார்கள், சிக்கலான சமூகங்களில் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாது என்பதால் சேர்ந்திருக்கிறார்கள் என்றார். 1897இல் தற்கொலையை எடுத்துக்கொண்டு, ஆள் தனியே செய்யும் காரியம் என்று நாம் நினைப்பதன் வீதம்கூடச் சமூகப் பிணைப்பின் இறுக்கத்தையும் தளர்வையும் பொறுத்து மாறுகிறது என்று புள்ளிவிபரத்தோடு காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் தல்கொட் பார்சன்ஸ் அதைப் பெரிய கட்டடமாக எழுப்பினார். எந்தச் சமூகமும் சூழலுக்கு ஏற்ப வாழ வேண்டும், இலக்கை அடைய வேண்டும், உறுப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும், தன் விழுமியங்களை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும் என்ற நான்கு தேவைகள் அவருடையவை. ரொபேர்ட் மேர்ட்டன் 1949இல் இந்தக் கட்டடத்தின் சுவர்களில் கொஞ்சம் ஓட்டை போட்டார். ஓர் ஏற்பாடு வெளிப்படையாகச் செய்யும் வேலை ஒன்று, யாரும் நினைக்காமலே மறைவாகச் செய்யும் வேலை இன்னொன்று. சிலருக்கு நன்மை செய்யும் அதே ஏற்பாடு வேறு சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்றார்.

என்னைக் கேட்டால், மாணவர் பார்சன்ஸை விட்டுவிட்டு மேர்ட்டனில் தொடங்குவதே நல்லது. பார்சன்ஸின் நான்கு பெட்டிகளுக்குள் எந்த ஊர்ச் சங்கத்தையும் போடலாம். போட்டுமுடித்த பிறகு, முன்பு தெரியாத எதுவும் தெரிய வந்திருக்காது.

முரண்பாட்டுக் கோட்பாடு, "இதில் யாருக்கு எவ்வளவு போகிறது, யார் தீர்மானிக்கிறார், யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்" என்று கேட்கும். கார்ல் மார்க்ஸுக்கு அடிப்படை, உற்பத்திச் சாதனம் யார் கையில் என்பது. மக்ஸ் வெபர் அதோடு நிற்கவில்லை. சொத்து ஒரு பக்கம், சமூக மதிப்பு ஒரு பக்கம், கட்சி போன்ற அதிகாரக் கூட்டு ஒரு பக்கம் என்று பிரித்தார். ரால்ஃப் டாரன்டோர்ஃப் 1950களின் இறுதியில், சொத்து இருக்கிறதோ இல்லையோ, எந்த அமைப்பிலும் கட்டளை இடுகிறவர், கீழ்ப்படிகிறவர் என்ற பிரிவு இருக்கும், மோதல் அங்கிருந்தே பிறக்கும் என்றார்.

வன்னிக் குளத்துக்கு மார்க்ஸை விட டாரன்டோர்ஃப் கூடுதலாக உதவுவார் என்பது என் எண்ணம். இங்கே குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மூன்று ஏக்கர் அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் வைத்திருக்கும் சிறு கமக்காரர்கள். பெரிய நிலக்கிழாரையும் அவருடைய பண்ணையாட்களையும் தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். குளத்து மதகான துருசைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்று தேடிப் போனால், எழுத நிறையக் கிடைக்கும்.

சிறுபோகக் கூட்டம்

காலபோகத்தில், அதாவது மாரிக்கால நெற்செய்கையில், மழை இருக்கிறது, தண்ணீருக்குப் பெரிய சண்டை இல்லை. வெயில் காலத்தில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகம்தான் சோதனை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அரசாங்க அதிபர் அல்லது அவருடைய பிரதிநிதி, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அதிகாரிகள், கமக்காரர் அமைப்புக்காரர் எல்லாரும் இருப்பார்கள். முதல் தண்ணீர் விடும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், கடைசித் தண்ணீர் நாள், எத்தனை மாத நெல்லு, மாடுகளைக் கட்ட வேண்டிய நாள் என்று வரிசையாகத் தீர்மானம் வரும்.

தொழிற்பாட்டுவாதி இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் மகிழ்ந்துபோவார். அதில் நியாயமும் இருக்கிறது. ஆளாளுக்கு நினைத்த நாளில் விதைத்தால் ஒரு வயலில் கதிர் வரும்போது அடுத்த வயலில் நாற்றுப் பருவம் இருக்கும். பூச்சி வயலுக்கு வயல் தாவிக்கொண்டே போகும். வாய்க்காலில் இரண்டு வாரம் கூடுதலாகத் தண்ணீர் ஓட வேண்டிவரும். ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிப்பது குளத்தைக் காப்பாற்றுகிறது. இது வெளிப்படையான வேலை. மறைவான வேலையும் உண்டு. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து சண்டை பிடித்து, தேத்தண்ணி குடித்து, கையெழுத்து வைத்துப் போகிற இடங்கள் வன்னியில் அதிகம் இல்லை.

இப்போது அதே கூட்டத்தின் குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். பெரும்பாலும் நீளமான கோடு போட்ட கொப்பி, மட்டை கிழிந்து பசைத்தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருக்கும். தொழிற்பாட்டுவாதி அதைக் கருத்தொற்றுமைக்கு ஆதாரமாக எடுத்துப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வார். முரண்பாட்டுக்காரர் அதற்கு மேல் இருக்கும் வரியைப் பார்ப்பார்: முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார். நாலைந்து வருடக் கொப்பிகளைச் சேர்த்து அந்தப் பெயர்களை எண்ணுங்கள். ஒரு கைவிரலுக்குள் அடங்கினால் உங்கள் ஆய்வின் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு அந்தப் பெயர்காரரின் வயல் வாய்க்காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நேர்காணலே தொடங்கவில்லை, ஆனால் ஒரு அத்தியாயத்துக்கு விடயம் வந்துவிட்டது.

கொப்பியில் இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். காணிக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, குத்தகைக்கு எடுத்து உண்மையில் வயலில் நிற்கிறவர். களை பிடுங்கக் கூலிக்கு வரும் பெண்கள். தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பலருக்கு மேட்டுக்காணி மட்டும்தான், வயல் இல்லை. வயல் இல்லாதவருக்குத் தண்ணீர்க் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள். மாட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மாடு கட்டும் திகதி' என்று ஒற்றை வரியில் எழுதப்படும் தீர்மானம், மேய்ச்சல் தரை இல்லாமல் காட்டோரம் மந்தையை ஓட்டிக்கொண்டு அலைகிறவருக்கு நாலு மாதப் பிரச்சினை. இவர்கள் யாரும் அந்த ஏகமனதுக்குள் இல்லை.

வாய்க்கால் கடைசிக்குப் போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தண்ணீர் முறை வரும் இரவில் டோர்ச் லைட்டோடு வாய்க்கால் கரையில் காவல் நிற்பது அங்கே வழக்கம். மேலே யாரோ மண்மூட்டை வைத்து வாய்க்காலை மறித்துத் தன் வயலுக்குத் திருப்பியிருப்பார். இவர் நடந்துபோய் மூட்டையைத் தூக்குவார். அவர் வந்து நிற்பார். "மேல்காரர் விட்டாத்தானே எங்களுக்கு" என்ற பேச்சு அங்கே எல்லார் வாயிலும் இருக்கும். அதே குளத்தின் முதல் வாய்க்காலில் இருக்கிறவரைக் கேட்டால், "எங்கட அமைப்பு நல்லா நடக்குது, ஒரு குறையும் இல்லை" என்பார். அவரும் பொய் சொல்லவில்லை. ஆய்வாளர் எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு கோட்பாட்டுக்கும் சாட்சி கிடைக்கும். கஷ்டம் என்னவென்றால், தொழிற்பாட்டுவாதத்தை எடுத்த மாணவர் பெரும்பாலும் தலைவர் வீட்டு விறாந்தையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்.

குளத்துச் சமூகத்தைப் பற்றி இந்தச் சண்டை புதிதும் இல்லை. எட்மண்ட் லீச் என்ற பிரித்தானிய மானிடவியலாளர் 1950களில் நமக்குத் தெற்கே, வட மத்திய மாகாணத்தின் உலர்வலயத்தில், புல் எளிய என்ற சிங்களக் குளத்துக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து 1961இல் நூலாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் பிரித்தானிய மானிடவியலில் செல்வாக்கோடு இருந்த தொழிற்பாட்டுவாதிகள், உறவுமுறையும் அதன் விதிகளுமே கிராமத்தைத் தாங்கி நிற்கின்றன என்றார்கள். லீச் காணி வரைபடத்தையும் வாய்க்காலையும் பிடித்துக்கொண்டு எதிர்வாதம் செய்தார். குளமும் வயலும் கிடக்கும் விதம்தான் நிலைத்திருக்கிறது, உறவுமுறை என்பது காணிக்கும் தண்ணீருக்கும் உரிமை கோரும்போது ஆட்கள் கதைக்கிற ஒரு வழி என்பது அவருடைய வாதத்தின் சாரம். லீச்சை முரண்பாட்டுக் கோட்பாட்டாளர் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால் வன்னியில் குளத்தைப் பற்றி எழுதும் மாணவர் அமெரிக்கப் பேராசிரியர்கள் இரண்டு பேரைக் குறைத்துக்கொண்டு லீச்சுக்கு இரண்டு பக்கம் கொடுத்தால் நான் சந்தோசப்படுவேன். நிலமும் மழையும் குளமும் நம்முடையவை மாதிரியே இருக்கும் இடத்தில் எழுதப்பட்டது அது.

இரணைமடுத் தண்ணீர்

முரண்பாட்டுக் கோட்பாட்டை எடுத்தவர்கள் அவசரமாகக் கைவைக்கும் தலைப்பு இது. அவர்களுக்கே கொஞ்சம் காலை வாரிவிடும் தலைப்பும் இதுதான். 20,000 ஏக்கருக்கு மேல் வயலுக்குப் பாயும் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் யோசனை, 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுக்கு ஒப்புக்கொண்ட யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தில் இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே போதாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டும் பக்கம் திட்டம் திரும்பியது.

இது வளத்துக்கான போட்டி. நகரத்துக் குடிநீரா, கமக்காரர் வயலா என்ற கேள்வி. முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே என்று தோன்றும். ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முதல் வாய்க்கால்காரரும் கடைசி வாய்க்கால்காரரும், சாதாரண வருடத்தில் இரவில் மண்மூட்டைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள், இந்த எதிர்ப்பில் ஒரே பக்கம் நின்றார்கள். லூயிஸ் கோசர் 1956இல் எழுதியது இங்கே கைகொடுக்கும்: வெளியாரோடு வரும் மோதல் உள்ளே இருப்பவர்களை இறுக்கிச் சேர்க்கும், அந்த வகையில் மோதலுக்கும் ஒரு சமூகத் தொழிற்பாடு உண்டு. மோதலைப் பற்றி எழுதிய அவர் கேட்டது தொழிற்பாட்டுவாதியின் கேள்வி. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு நேர்மையான வழி கோசர் வழிதான். முதல் அத்தியாயத்தில் டேர்கைம், இரண்டாவதில் மார்க்ஸ், முடிவுரையில் "இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன" என்று எழுதிக் கொடுத்தால் வாசிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், எழுதினவர் எதையும் தீர்மானிக்கவில்லை என்று.

டேர்கைமுக்கு உரிய இடம்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை யாராவது எடுத்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன், டேர்கைமை எடுக்கச் சொல்வேன். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரியும். அதைப் பார்க்கக் கூடும் சனத்துக்கு நடுவே நிற்கும்போது வரும் உணர்ச்சிக்கு, 1912இல் அவர் சமயத்தைப் பற்றி எழுதியபோது சொன்ன கூட்டுப் பெருக்கு (சேர்ந்து நிற்கும்போது பொங்கும் உணர்ச்சி) என்ற விளக்கம் இன்னும் பழசாகவில்லை. மரண உதவிச் சங்கமும் அப்படியே. செத்தவீட்டுக்குக் கதிரை, கிடாரம், பந்தல் சாமான், சந்தாவிலிருந்து ஒரு தொகைக் காசு என்று ஒரு ஊர் தனக்குள்ளே செய்துகொள்ளும் ஏற்பாட்டில் சுரண்டலைத் தேடிக்கொண்டு போவது வீண் வேலை.

மீள்குடியேற்றம் இதைவிடக் கனமான தலைப்பு. 2009இல் போரில் எல்லாம் இழந்து, வவுனியாவில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் இருந்து, கூரையும் கதவும் இல்லாத வீட்டுக்குத் திரும்பிய சனம் எப்படி மறுபடியும் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டினார்கள், எப்படிக் கிணறு இறைத்தார்கள், யார் யாருக்குப் பிள்ளை பார்த்தார்கள்? முகாம் 2012இல்தான் முழுதாக மூடப்பட்டது. ஆகவே ஒரே ஊரின் ஆட்கள் ஒரே நேரத்தில் திரும்பவும் இல்லை. பழைய நெறிகள் குலைந்து புதியவை வராத இடைவெளியைப் பற்றி டேர்கைமிடம் ஒரு கருவி இருக்கிறது. முரண்பாட்டுக் கோட்பாட்டுக்காரர் இங்கே வந்து வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் தேவையான கேள்வி. ஆனால் அது வேறு ஆய்வு.

பாடசாலைச் சிக்கல்

கிங்ஸ்லி டேவிஸும் வில்பேர்ட் மூரும் 1945இல் சொன்னது பரீட்சைக்குப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும்: முக்கியமான பதவிகளுக்குத் திறமைசாலிகளை இழுக்கத்தான் ஏற்றத்தாழ்வான வெகுமதி, கல்வி அந்தத் திறமைசாலிகளைப் பிரித்தெடுக்கும் சல்லடை. மெல்வின் டூமின் 1953இல் திருப்பிக் கேட்டார்: ஏழைவீட்டுப் பிள்ளையின் திறமையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே இல்லாத சமூகத்தில் சல்லடை எதைப் பிரிக்கிறது? போல்ஸும் ஜின்டிஸும் 1976இல் இன்னும் ஒரு படி போய், பாடசாலை தொழிற்சாலைக்குப் பணிந்து நடக்கும் ஆட்களைத் தயாரிக்கிறது என்றார்கள்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி இந்த விவாதத்துக்கு ஒரு தனி முடிச்சைப் போடுகிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. சரி, இதை எந்தக் கோட்பாட்டால் படிப்பது? மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே பார்த்தால் ஒதுக்கீடு ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது. முரண்பாட்டுக்காரர் கைதட்ட வேண்டும். மாவட்டத்துக்குள்ளே பார்த்தால், பட்டணத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படித்து மாலையில் தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளையும், உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத உள்கிராமத்துப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் இருக்கிறார்கள். யார் அந்த இடத்தை எடுப்பார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆகவே பாடசாலை பற்றி எழுதுகிறவர் மாவட்டத்தை ஒப்பிடுகிறாரா, மாவட்டத்துக்குள்ளே பார்க்கிறாரா என்பதை முதலில் முடிவு செய்யட்டும். உள்ளே பார்க்கிறவருக்கு டூமின் போதும். போல்ஸ் ஜின்டிஸைப் படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதினால் எடுக்கலாம். மற்றப்படி, தொழிற்சாலை என்று சொல்ல அதிகம் இல்லாத இடத்தில் அது இறக்குமதிச் சரக்காகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

காணியும் கடனும்

பார்சன்ஸின் குடும்பத்தில் ஆண் வெளியே உழைப்பார், பெண் உள்ளே உணர்வைப் பேணுவார். ஏற்பாடு சீராக ஓடும். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இத்தனை இருக்கிற வன்னியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காணிச் சட்டமும் அதே மாதிரி ஒரு ஆணை நினைத்தே எழுதப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கிடைத்தவர் தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் இறந்தால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னே மகன் நின்றார். 2022இல் திருத்தம் வரும்வரை இதுதான் நிலை. வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிப் பழகிய சமூகம், அரச காணிக்கு வந்ததும் வேறொரு ஒழுங்குக்குள் போனது. இந்த மாற்றத்தில் யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்காமல் எந்த ஆய்வும் முழுமையாகாது.

நுண்கடனில்தான் இரண்டு கோட்பாடும் நேருக்கு நேர் முட்டும். அதனால் இதை எடுக்கிற மாணவருக்கு நான் கூடுதல் நேரம் ஒதுக்குவேன். குழுக் கடன் எப்படி வேலை செய்கிறது? நாலைந்து பெண்கள் ஒரு குழு. ஒருவருக்கு ஒருவர் பிணை. அடமானம் வைக்க நகையோ காணி உறுதியோ தேவையில்லை. தொழிற்பாட்டுவாதி இதில் சமூக ஒருமைப்பாட்டைக் காண்பார், கடன் நிறுவனத்தின் கையேட்டிலும் அதே வார்த்தைதான் இருக்கும். வசூல் நாளில் போய்ப் பாருங்கள். ஒருத்தியால் கட்ட முடியவில்லை. உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு நிற்கிறார். மற்ற நாலு பேரும் அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளிடம் காசு வராமல் அவர்களும் சமைக்கப் போக முடியாது. அவளைத் திட்டுவது கடன்காரர் இல்லை, பக்கத்து வளவுக்காரி. டேர்கைம் சமூகத்தைத் தாங்கும் என்று சொன்ன அதே பிணைப்பு இங்கே வசூல் கருவியாக மாறியிருக்கிறது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய அறிவித்த அளவுக்கு அந்தப் பிரச்சினை முற்றியது.

இந்த முற்றத்தை மேர்ட்டனின் கெடுதல் தொழிற்பாடு என்ற கருத்தாலும் எழுதலாம். ஆனால் அவர் கெடுதல் இருக்கிறது என்று காட்டுவார்; அந்தக் கெடுதலால் யாருடைய இலாபம் பாதுகாக்கப்படுகிறது என்ற கேள்வி அவரை இயக்குவதில்லை. அதற்கு முரண்பாட்டுக் கோட்பாடு வேண்டும்.

களத்துக்குப் போகும்போது

முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கும் ஒரு பெரிய குறை இருக்கிறது. எடுத்த மாணவர்களில் பாதிப் பேர் வில்லனை முன்மொழிவிலேயே எழுதிவிட்டுக் களத்துக்குப் போகிறார்கள். குளத்துத் தலைவர் கெட்டவர், கடன்காரர் கெட்டவர், அதிகாரி கெட்டவர். பிறகு அதற்குச் சாட்சி தேடுகிறார்கள், தேடினால் கிடைக்காமல் போகுமா? ஆகவே முன்மொழிவில், எதைக் கண்டால் உங்கள் கோட்பாடு தோற்றது என்று ஒப்புக்கொள்வீர்கள் என ஒரு பந்தி எழுதச் சொல்கிறேன். உதாரணமாக: முதல் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் போய்ச் சேர்ந்த திகதியை விசாரித்து எழுதுங்கள். மழை குறைந்த சிறுபோகங்களிலும் கடைசி வயல்களுக்கு முறைப்படியே தண்ணீர் போயிருந்தால், அந்த அமைப்பில் ஏதோ சரியாக நடக்கிறது. அப்போது கோட்பாட்டை மாற்றுங்கள், எழுதிய பக்கங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

செலவும் வேறுபடும். தொழிற்பாட்டுவாத ஆய்வுக்குத் தலைவரும் செயலாளரும் கொப்பியைக் கையில் தருவார்கள், மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். மற்றதுக்கு வாய்க்கால் கடைசிக்குப் போக வேண்டும், இரவில் போக வேண்டும், கூலிக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க நிற்க முடியாதவர், ஆறு வாரத்தில் முடிக்க வேண்டியவர், நேர்மையாகத் தொழிற்பாட்டுவாதத்தோடு ஒரு சின்னத் தலைப்பை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்புறம் யாரும் முன்மொழிவில் எழுதாத பிரச்சினை ஒன்று. சொந்த ஊரில் முரண்பாட்டுக் கோட்பாட்டோடு ஆய்வு செய்யப் போனால், கமக்காரர் அமைப்பின் செயலாளர் உங்கள் பெரியப்பாவாக இருப்பார். முன்மொழிந்தவர் பெயர்களை எண்ணிப் பார்த்தீர்கள் என்று தெரிந்தால் அம்மா இரண்டு வருடத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போக முடியாது. வன்னியில் குளத்துக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்துக் குளத்தை எடுங்கள். அங்கே உங்களைத் தெரியாதவர்கள் முதல் நாள் கதைக்கமாட்டார்கள். வாய்க்கால் துப்புரவு எந்த நாள் என்று விசாரித்து, அன்றைக்கு ஒரு மண்வெட்டியோடு போங்கள். கேள்விக்கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு.